முன்னுரிமையை எழுதும்போது காத்திருக்க வேண்டியவரையும் எழுத வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அலுவலக நெட்வொர்க்கில் தொலைபேசிக் குரல் விட்டுவிட்டுக் கேட்பது ஏன் என்பதையும், கணினிகளையும் தொலைபேசிகளையும் இணைக்கும் ஸ்விட்சில் க்யூஓஎஸ் எனப்படும் சேவைத்தர விதிகளை எழுதி அதைச் சரிசெய்வது எப்படி என்பதையும் விளக்கித் தங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். இத்தகைய பொருளைப் பொதுவாசகருக்கு எழுத முன்வந்ததற்கு முதலில் நன்றி. ஆனால் அக்கட்டுரை கையாண்ட ஆம்புலன்ஸ் உவமையும், ஓரத்தில் கட்டம் கட்டி வெளியிட்ட மாதிரி அமைப்பும், பல ஆண்டுகள் இந்த வேலையைச் செய்துவரும் என்னைப் போன்றவர்களுக்குக் கவலை அளிக்கின்றன. உவமை தவறான எதிர்பார்ப்பை வளர்க்கிறது. கட்டத்தில் உள்ள வரிகளை அப்படியே தட்டச்சு செய்பவரின் நெட்வொர்க் முன்பிருந்ததைவிட மோசமாகும்.

ஆம்புலன்ஸ் வந்தால் மற்ற வண்டிகள் ஒதுங்குவது போல, முன்னுரிமை பெற்ற பாக்கெட்டுக்கு (நெட்வொர்க்கில் தரவு செல்லும் சிறு துண்டு) மற்றவை வழிவிடும் என்கிறது கட்டுரை. ஸ்விட்சில் எந்தப் பாக்கெட்டும் ஒதுங்குவதில்லை. கேபிள் செருகும் துளையான ஒரு போர்ட்டின் வழியாக வெளியேற வேண்டியவை அந்தப் போர்ட் அனுப்பக்கூடிய வேகத்தைவிட விரைவாக வந்து சேர்ந்தால், மீந்தவை பஃபர் எனும் நினைவகத்தில் வரிசையாக நிற்கின்றன. பஃபரும் நிரம்பினால் அடுத்து வருவது கீழே போடப்படுகிறது. எந்த வரிசையிலிருந்து அடுத்ததை எடுப்பது, எதைக் கீழே போடுவது என்ற இரண்டு கேள்விகளுக்கு மட்டுமே நாம் எழுதும் விதிகள் பதில் சொல்கின்றன. ஒரு பிட் கூட அவற்றால் கூடுதலாகக் கிடைப்பதில்லை. ஒன்றை முன்னால் எடுத்தால் இன்னொன்று அதே அளவு பின்னால் தள்ளப்பட்டே தீரும். அந்த இன்னொன்று எது என்பதைக் கட்டுரை ஓரிடத்திலும் கேட்கவில்லை. என்னுடைய குறை அடிப்படையில் இது ஒன்றுதான்.

வரிசை உருவாகாத இடத்தில் இந்த விதிகளுக்கு வேலையே இல்லை என்று சொன்னவுடன், "எங்கள் போர்ட்களில் சராசரிப் பயன்பாடு பத்து சதவீதத்தைத் தாண்டுவதே இல்லையே" என்று பலர் கேட்பார்கள். ஐந்து நிமிடச் சராசரியை வரைந்து காட்டும் வரைபடம் இந்த விஷயத்தில் நம்பத்தகுந்த சாட்சி அல்ல. தலா 1 ஜிகாபிட் வேகமுள்ள இரண்டு போர்ட்களிலிருந்து வரும் போக்குவரத்து ஒரே நேரத்தில் இன்னொரு 1 ஜிகாபிட் போர்ட்டை நோக்கி முழு வேகத்தில் பாய்ந்தால், ஒவ்வொரு மில்லி நொடிக்கும் 1,25,000 பைட்கள் மிஞ்சும். அந்தப் போர்ட்டுக்கு 10 லட்சம் பைட் பஃபர் இருந்தாலும் 8 மில்லி நொடியில் அது நிரம்பிவிடும். ஒவ்வொரு நொடியிலும் 20 மில்லி நொடி மட்டும் இப்படி நெருக்கடி ஏற்பட்டு மற்ற நேரம் போர்ட் சும்மா இருந்தால், வரைபடத்தில் தெரிவது 3 சதவீதத்துக்கும் குறைவு. அந்த 20 மில்லி நொடியில் தொலைந்த குரல் பாக்கெட்டைப் பற்றி வரைபடம் எதுவும் சொல்லாது. ஆகவே வரைபடத்தை விட்டுவிட்டு, போர்ட்டின் வெளியேறும் திசையில் எத்தனை பாக்கெட்டுகள் கீழே போடப்பட்டன என்ற எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும்.

ஆம்புலன்ஸ் உவமையில் இன்னொரு சிக்கலும் உண்டு. அனுப்பத் தொடங்கிவிட்ட ஒரு ஃப்ரேமை, அதாவது கேபிளில் செல்லும் வடிவிலுள்ள பாக்கெட்டை, சாதாரண ஸ்விட்ச் பாதியில் நிறுத்தாது. அது முடியும் வரை குரல் பாக்கெட்டும் நின்றுதான் ஆக வேண்டும். (இடையில் நிறுத்தி அனுப்பும் வழிமுறையை 2016இல் ஐஈஈஈ என்ற தர அமைப்பு தரப்படுத்தியது, தொழிற்சாலை இயந்திரங்கள் போன்ற நேரக்கட்டுப்பாடு மிகுந்த இடங்களுக்கானது அது.) 1,500 பைட் பாக்கெட் ஒன்றை அனுப்ப 1 ஜிகாபிட் போர்ட்டுக்கு 12 மைக்ரோ நொடி போதும், 10 மெகாபிட் இணைப்புக்கு 1.2 மில்லி நொடி தேவை. எனவே விதிகளுக்கு உண்மையான வேலை இருப்பது வேகம் திடீரென்று குறுகும் இடத்தில்தான். பெரும்பாலான அலுவலகங்களில் அந்த இடம், கட்டடத்தை விட்டு வெளியேறும் இணைப்பு.

அங்கேதான் கட்டுரை கண்டுகொள்ளாத ஒரு பொறி இருக்கிறது. இணைப்பு வழங்கும் நிறுவனம் விற்பது 100 மெகாபிட். ஆனால் நம் சாதனத்தில் கேபிள் செருகப்பட்டிருப்பது 1 ஜிகாபிட் போர்ட்டில். போர்ட்டைப் பொறுத்தவரை தன் வேகம் 1 ஜிகாபிட்தான்; ஆகவே அது வந்ததையெல்லாம் உடனுக்குடன் வெளியே தள்ளுகிறது, நம் பக்கத்தில் வரிசையே உருவாவதில்லை, நாம் பாடுபட்டு எழுதிய முன்னுரிமை விதிகள் ஒருமுறை கூடச் செயல்படுவதில்லை. 100 மெகாபிட்டைத் தாண்டியவற்றை வழங்குநரின் சாதனம் குரலா கோப்பா என்று பாராமல் கீழே போடுகிறது. இதற்கு மருந்து, வெளியேறும் போக்குவரத்து முழுவதையும் நாமே 95 மெகாபிட் அளவுக்கு ஷேப்பிங் செய்து (மீறுவதை வரிசையில் நிறுத்திச் சீரான வேகத்தில் விடுவித்து), நெருக்கடியை நம் சாதனத்துக்குள் வரவழைத்து, அந்த ஷேப்பிங்குக்கு உள்ளே முன்னுரிமை வரிசைகளை அமைப்பது. ஒரு விதிக்குள் இன்னொரு விதியை வைக்கும் இந்த அமைப்பை எல்லா ஸ்விட்சுகளும் ஏற்பதில்லை. ஏற்காத இடங்களில் அந்த வேலையை ரவுட்டரிடம் விட வேண்டும். வேண்டுமென்றே 5 மெகாபிட்டை இழப்பதை நிர்வாகத்துக்குப் புரியவைப்பது கடினம் என்பதை அனுபவத்தில் அறிவேன். ஆனாலும் வரிசை யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டுமே யாரைக் காக்கவைப்பது என்று தீர்மானிக்க முடியும்.

அடுத்து, குறியிடுதல். பாக்கெட்டின் முன்னால் முகவரிகளைத் தாங்கிவரும் ஐபி தலைப்பில் சேவை வகைக்கென்று ஒதுக்கப்பட்ட பைட்டின் முதல் 6 பிட்களை டிஎஸ்சிபி என்ற பெயரில் மறுவரையறை செய்தது 1998இல் வெளியான ஆர்எஃப்சி 2474 என்ற இணையத் தர ஆவணம். 0 முதல் 63 வரை 64 எண்களுக்கு அதில் இடம் உண்டு. குரலுக்கு வழக்கமாக இடப்படுவது 46. இதற்கு ஒரு படி கீழே, ஒரே ஸ்விட்சைத் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிக்கும் வி-லேன் குறிச்சொல்லில் உள்ள 3 பிட்களில் 0 முதல் 7 வரை இன்னொரு முன்னுரிமை எண் இருக்கிறது. குறிச்சொல் இல்லாத ஃப்ரேமில் அந்த எண்ணுக்கு இடமே கிடையாது. இந்த எண்கள் எல்லாம் வெறும் குறிகள். 46 என்று எழுதியிருப்பதால் ஒரு பாக்கெட் தானாக வேகம் பெறாது. வழியிலுள்ள ஒவ்வொரு சாதனமும் அந்த எண்ணைப் படித்து, அதற்கேற்ற வரிசையில் சேர்த்தால்தான் பயன். பொது இணையத்துக்குள் நுழைந்த பிறகு அந்தக் குறியை யாரும் மதிப்பார்கள் என்று எதிர்பார்ப்பதற்கும் இல்லை.

"ஸ்விட்சில் க்யூஓஎஸ் வசதியை இயக்கினாலே பாதி வேலை முடிந்தது" என்ற வரியை வாசித்தபோது, நான் பணியாற்றிய ஓர் இடத்தில் நடந்தது நினைவுக்கு வந்தது. அங்கிருந்த ஸ்விட்சுகளில் அந்த வசதி அணைந்திருந்தவரை, தொலைபேசிகள் இட்ட 46 என்ற குறி மாறாமல் கடந்துசென்று, வெளி இணைப்பில் இருந்த ரவுட்டரிடம் முன்னுரிமை பெற்றுக்கொண்டிருந்தது. வசதியை நான் இயக்கிய நொடியிலிருந்து எல்லாப் போர்ட்களும் நம்பகமற்றவையாகக் கருதப்பட்டன; உள்ளே வரும் ஒவ்வொரு பாக்கெட்டின் குறியையும் ஸ்விட்ச் 0 ஆக மாற்றத் தொடங்கியது. கூடவே, அதுவரை ஒன்றாக இருந்த பஃபரும் நான்கு வரிசைகளுக்குப் பங்கிடப்பட்டதால், சாதாரணப் போக்குவரத்தின் வரிசை சுருங்கி, முன்பு இல்லாத இழப்பும் சேர்ந்துகொண்டது. குரலைச் சரிசெய்ய வந்தவன் குரலையும் கெடுத்து, கோப்புகளையும் மெதுவாக்கிவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு நாள்கள் பிடித்தன. எல்லா வகை ஸ்விட்சும் இப்படி நடப்பதில்லை. சில வகைகள் இயல்பாகவே குறியை நம்புகின்றன. நம் கையில் இருப்பது எந்த வகை என்பதை முதலில் படித்துத் தெரிந்துகொள்ளாமல் "இயக்குங்கள்" என்று சொல்லக் கூடாது.

குறியை யாரிடமிருந்து நம்புவது என்பதும் அதே அளவு முக்கியம். மேசைக் கணினியில் இயங்கும் எந்த மென்பொருளும் தன் பாக்கெட்டில் 46 என்று எழுதிக்கொள்ளலாம். தடுப்பதற்கு அங்கே யாரும் இல்லை. உச்ச முன்னுரிமை வரிசையில் ஒரு பேக்கப் மென்பொருள் புகுந்துவிட்டால், அந்த வரிசை காலியாகும் வரை ஸ்விட்ச் மற்ற வரிசைகளின் பக்கம் திரும்பியே பார்க்காது. ஆகவே நம்பிக்கையின் எல்லையை, கருவிகள் செருகப்படும் முதல் போர்ட்டிலேயே வகுக்க வேண்டும்: தொலைபேசிக்கென்று தனி வி-லேன் இருந்தால் அதில் வரும் குறியை மட்டும் ஏற்று, கணினியின் வி-லேனில் வருவதை 0 ஆக்கி, தேவையானவற்றுக்கு நாமே முகவரியையும் பாக்கெட்டுக்குள் சேவையைக் காட்டும் போர்ட் எண்ணையும் (ஸ்விட்சின் போர்ட் அல்ல) பார்த்துக் குறியிட வேண்டும். எல்லாரும் தங்களை ஆம்புலன்ஸ் என்று சொல்லிக்கொள்ளக்கூடிய சாலை இது. கட்டுரையின் உவமையை அதுவரை நீட்டியிருந்தால் பொருந்தியிருக்கும்.

உச்ச முன்னுரிமை வரிசைக்கு ஓர் உச்சவரம்பும் வேண்டும். அந்த வரம்பை ஊகித்து எழுதக் கூடாது. கணக்கிட்டு எழுத வேண்டும், கணக்கும் எளியதுதான். குரலை எண்களாக்கும் ஜி.711 முறையில் பேசும் ஓர் அழைப்பு, ஒரு திசையில் நொடிக்கு 50 பாக்கெட்டுகளை அனுப்புகிறது. ஒவ்வொன்றிலும் குரல் 160 பைட், ஐபி, யூடிபி, ஆர்டிபி தலைப்புகள் சேர்ந்து 40 பைட், ஈதர்நெட்டின் தலைப்பும் பிழைச் சோதனையும் 18 பைட். ஆக 218 பைட், அதாவது 50 பாக்கெட்டுக்கு நொடிக்கு 87.2 கிலோபிட். 2 மெகாபிட் வரம்பு வைத்தால் 22 அழைப்புகள் இடம்பெறும். 23ஆவது அழைப்பு வந்தால் என்ன ஆகும்? அந்த ஒருவருக்கு மட்டும் குரல் கெடும் என்று நினைப்பதே இயல்பு. ஆனால் வரம்பைக் காக்கும் பாலிசிங் செயல்முறைக்கு எது யாருடைய பாக்கெட் என்று தெரியாது. மீறும் நேரத்தில் கையில் கிடைத்ததைக் கீழே போடுகிறது. ஆகவே 23 பேரில் யாருடைய குரலும் உடையலாம். 23ஆவது அழைப்புக்கு முன்கூட்டியே "இணைப்பு நெரிசலில் உள்ளது" என்று சொல்லி மறுக்கும் வேலை தொலைபேசிச் சர்வருடையது, ஸ்விட்சுடையது அல்ல. இரண்டையும் ஒரே எண்ணிக்கைக்கு அமைக்காதவரை, ஸ்விட்சில் எவ்வளவு நுணுக்கமாக எழுதினாலும் மாதக் கடைசியில் புகார் வரும். இன்னொன்று: சில சாதனங்கள் ஈதர்நெட் தலைப்பையும் வரம்புக் கணக்கில் சேர்க்கும், சில சேர்க்காது, எனவே கொஞ்சம் தாராளமாக வைப்பது நல்லது.

இப்போது கட்டத்துக்கு வருகிறேன். கோப்புப் பரிமாற்றத்தை 10 மெகாபிட்டில் நிறுத்த, பர்ஸ்ட் அளவு 8,000 என்று அதில் போடப்பட்டுள்ளது. வேகத்தைப் பிட்டிலும் பர்ஸ்ட்டைப் பைட்டிலும் கேட்பது பல சாதனங்களின் வழக்கம். அந்தக் குழப்பத்தில் வந்த எண்ணாக இது இருக்கலாம். பாலிசிங் வேலைசெய்வது டோக்கன் பக்கெட் முறையில்: பக்கெட்டில் டோக்கன் சீரான வேகத்தில் சேர்கிறது, ஒவ்வொரு பாக்கெட்டும் தன் எடைக்கு ஏற்ப டோக்கன் எடுத்துக்கொண்டு கடக்கிறது, டோக்கன் தீர்ந்தபின் வருவது விழுகிறது. பர்ஸ்ட் என்பது அந்தப் பக்கெட்டின் கொள்ளளவு. 8,000 பைட் பக்கெட்டில் 1,500 பைட் பாக்கெட்டுகள் ஐந்துதான் கொள்ளும். ஆனால் 2013இல் வெளியான ஆர்எஃப்சி 6928 சொல்லும் அளவைப் பின்பற்றும் டிசிபி (கோப்புகளைத் தொலையாமல் கொண்டுசேர்க்கும் விதிமுறை), இணைப்பின் தொடக்கத்திலேயே 10 பாக்கெட்டுகளைச் சேர்த்து அனுப்புகிறது. 1 ஜிகாபிட் போர்ட்டில் அந்தப் பத்தும் 120 மைக்ரோ நொடியில் வந்துவிடும். அதற்குள் பக்கெட்டில் புதிதாகச் சேரும் டோக்கன் 150 பைட்டுக்குத்தான். முதல் ஐந்து கடக்கும், பின் ஐந்து விழும், டிசிபி அஞ்சித் தன் வேகத்தைக் குறைக்கும், மறுபடி ஏறும், மறுபடி விழும். 10 மெகாபிட் என்று எழுதிவைத்த இடத்தில் அதில் சிறு பங்குகூடக் கிடைக்காமல், "ஸ்விட்ச் பழுது" என்று பயனர் சொல்வார். பர்ஸ்ட் அளவுக்கு, வேகத்தைப் பாக்கெட் போய்வரும் நேரத்தால் பெருக்குவது நல்ல தொடக்கம்: 10 மெகாபிட், 100 மில்லி நொடி என்றால் 1,25,000 பைட். வெளியேறும் திசையில் ஷேப்பிங் செய்ய முடிந்தால் அது இன்னும் மென்மையானது. மீறுவதைக் கீழே போடாமல் சற்று நிறுத்தி வைக்கும்.

நிறுத்தி வைப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. இழப்பே கூடாது என்று பஃபரைப் பெரிதாக்கும்படி கட்டுரை ஓரிடத்தில் போகிறபோக்கில் சொல்கிறது. 10 மெகாபிட் இணைப்பின் முன்னால் 10 லட்சம் பைட் வரிசை நின்றால், கடைசியில் நிற்பது வெளியேற 0.8 நொடி ஆகும். தொலைபேசி உரையாடலுக்கு ஒரு திசைத் தாமதம் 150 மில்லி நொடிக்குள் இருப்பது நல்லது என்கிறது தொலைத்தொடர்புத் தரங்களை வகுக்கும் ஐடியு-டி அமைப்பின் ஜி.114 பரிந்துரை. தாமதமாக வந்த குரல் பாக்கெட், வராத பாக்கெட்டுக்குச் சமம்.

கட்டத்தின் கடைசி வரி எல்லாவற்றையும்விட ஆபத்தானது. பெயர் குறிப்பிடப்படாத மற்ற எல்லாவற்றையும் இயல்பு வகையில் சேர்த்து, அந்த வகையைக் கீழே போடும்படி அது கட்டளையிடுகிறது. நாம் பட்டியலிட மறந்தவை எல்லாம் அந்த வகையில்தான் இருக்கும்: பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ், கருவிக்கு முகவரி வழங்கும் டிஎச்சிபி, கடிகாரங்களை ஒத்துப்போகச் செய்யும் என்டிபி. அதைத் தட்டச்சு செய்த சில நிமிடங்களில் தொலைபேசியும் சேர்ந்தே மௌனமாகும். இயல்பு வகைக்கு நியாயமான பங்கு, என் கணக்கில் கால்பங்குக்குக் குறையாமல், ஒதுக்கியே ஆக வேண்டும்.

கம்பியில்லா இணைப்பில் பேசுபவர்களுக்காக ஒன்றைச் சேர்க்கிறேன். 46ஐ இரும எண்ணில் எழுதினால் 101110. பல சாதனங்கள் அதன் முதல் மூன்று பிட்களை மட்டும் எடுத்து 5 என்று கொள்கின்றன. வைஃபையின் நான்கு வகைகளில் 5 சேர்வது காணொளி வகையில், குரல் வகைக்குரியவை 6, 7 ஆகிய எண்களே. கேபிளில் முதல் வரிசையில் வந்த குரல், காற்றில் இரண்டாம் வரிசைக்கு இறங்கிவிடுகிறது. 2018இல் வந்த ஆர்எஃப்சி 8325, 46ஐ 6உடன் பொருத்தச் சொல்கிறது. அந்தப் பொருத்தத்தை வைஃபை அணுகுமுனையில் ஒருவர் கையால் சரிபார்க்க வேண்டியிருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகு, இணைப்பின் வேகத்தைக் கூட்டிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். நெருக்கடி நாள் முழுவதும் நீடித்தால் அதுதான் சரியான பதில். தட்டுப்பாட்டை விதிகளால் மறைக்க முடியாது. சில நொடிகள் வந்துபோகும் நெருக்கடிக்குத்தான் இந்த விதிகள். அப்போதும் என் பழக்கம் கட்டுரைக்கு நேர்மாறானது: குரலை உயர்த்துவதற்கு முன், காத்திருந்தால் யாருக்கும் வலிக்காதவற்றைத் தாழ்த்துகிறேன். இரவு பேக்கப், மென்பொருள் புதுப்பிப்பு, கண்காணிப்புக் கேமராப் பதிவின் நகல் ஆகியவற்றை எல்லாவற்றுக்கும் கீழான வகையில் போட்டால், பல இடங்களில் குரல் வேறெந்த உதவியும் இன்றித் தெளிவாகிவிடுகிறது. 2019இல் ஆர்எஃப்சி 8622 இதற்கென்றே டிஎஸ்சிபி 1 என்ற எண்ணை ஒதுக்கியது. (வி-லேன் முன்னுரிமையிலும் 1 என்பது 0ஐவிடத் தாழ்ந்தது, எண் பெரிதானால் மதிப்பும் பெரிது என்று நினைப்பவர் தடுக்கி விழும் இடம்.) தாழ்த்தப்பட்டதன் உரிமையாளரிடம் முன்பே பேசி, "உங்கள் பேக்கப் சில நாள்களில் அரை மணி நேரம் தாமதமாகும், சம்மதமா" என்று எழுத்தில் கேட்டுக்கொள்வது பொறியாளரின் வேலையில் சேர்ந்தது. அவர் சம்மதிக்காவிட்டால் முடிவெடுக்க வேண்டியது நிர்வாகம். கம்பி அறையில் தனியாக உட்கார்ந்திருக்கும் நான் அல்ல. விதிகளை அமல்படுத்திய பின் அந்தத் தாழ்ந்த வகையில் மட்டும் இழப்பு எண்ணிக்கை ஏறுவதைக் கண்டால் பதறவும் தேவையில்லை. எழுதியது எழுதியபடி நடக்கிறது.

எனவே அடுத்த இதழிலேயே மூன்று திருத்தங்களை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கட்டத்தில் உள்ள 8,000 என்பது 1,25,000 பைட் என்று மாற வேண்டும். இயல்பு வகையைக் கீழே போடும் கடைசி வரி நீக்கப்பட வேண்டும். க்யூஓஎஸ் வசதியை இயக்கச் சொல்லும் முதல் வரிக்கு முன்னால், தொலைபேசிப் போர்ட்களின் குறியை ஏற்கும் கட்டளையை முதலில் எழுதும்படியும், வேலை நேரம் முடிந்த பிறகே இதைச் செய்யும்படியும் ஒரு வரி சேர்க்கப்பட வேண்டும். அந்தப் பக்கத்தைக் கத்தரித்து ஸ்விட்ச் அலமாரியின் கதவில் ஒட்டிவைத்திருக்கும் ஒருவரை நேற்றே பார்த்தேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
நெட்வொர்க் பொறியாளன் ஒருவன்